டிராகனுக்குக் காசு இருந்தது

1

இந்த மாதத்தோடு நாங்கள் வேல்ஸ் நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் முடிகிறது. நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி போன வாரம்தான் கிடைத்தது. என் கணவர் பாஸ்போர்ட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். மூடி அலமாரியில் வைத்தார். "சரி, டீ போடு" என்றார். இவ்வளவு நாள் எதற்காகக் காத்திருந்தோமோ அது வந்தபோது இரண்டு பேருக்கும் சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை ஒரு கேள்வி கேட்பீர்கள். "அங்கெல்லாம் ஊழல் கீழல் ஒண்ணும் கெடையாதாமே?" பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய டீச்சர்கூட நின்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அப்போது பதில் சொல்லியிருக்க முடியாது. இப்போது முடியும். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

2

நாங்கள் இருப்பது மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் மலையை வெட்டிக் கூரைக்கு வேய்கிற கற்பலகை எடுத்தார்களாம். அந்தத் தொழில் போய்விட்டது. வெட்டிப்போட்ட கல் மட்டும் ஊரைச் சுற்றிக் குன்று குன்றாகக் கிடக்கிறது. வந்த புதிதில் அதைப் பார்த்து என் கணவர், "அரியலூர்ல சுண்ணாம்புக்கல்லு தோண்டிப்போட்ட மாதிரியே இருக்கே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். அவர் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். இங்கே கோழி சுத்தம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் கோழிக்கறி சமைப்பதை விட்டு வெகு நாளாகிறது.

நான் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் நர்ஸ். திருச்சியில் படித்து, பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்து, ஏஜென்ட் மூலம் வந்தவள். ஆங்கிலம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வாரம் டியூட்டி முடிந்து கிளம்பும்போது, வழக்கம்போல 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஒரு பாட்டி சாயங்காலம் முழுக்க வாசலைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலை, "போய்விட்டு வருகிறேன் என்றாயே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெறும் 'பை'தான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் மனசு ஒரு மாதிரி இருக்கும்.

ஆங்கிலம் போதாதென்று இங்கே வெல்ஷ் மொழி வேறு. கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அதுதான். எங்கள் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. வெல்ஷில் கனவு காண்கிறாள் என்று நினைக்கிறேன்; தூக்கத்தில் உளறுவது எனக்குப் புரிவதில்லை. தமிழில் பேசினால் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறாள். "அம்மா, மழை விழறான்" என்பாள். திருத்துவேன். டியூட்டி முடித்து வந்த நாட்களில் திருத்த மாட்டேன்.

3

டவுனின் நடுவில் ஒரு சதுக்கம். அங்கேதான் பஸ் நிற்கும், வியாழக்கிழமை சந்தை கூடும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கழிப்பறை. சுத்தமாக இருக்கும். மலைமேல் தனித்தனியாக வீடு கட்டி வாழும் கிழவர் கிழவிகள் பஸ் பிடித்து வந்து, ரொட்டி வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டுப் போவார்கள். அதற்கு அந்தக் கழிப்பறை எவ்வளவு அவசியம் என்று அது இருந்தவரை யாரும் யோசிக்கவில்லை.

போன வருடம் வசந்த காலத்தில் அதன் கதவில் ஒரு பலகை தொங்கியது. 'வசதி மூடப்பட்டுள்ளது' என்று இரண்டு மொழியில். கழிப்பறைக்கு இங்கே மரியாதையான பெயர் வசதி. பராமரிக்க டவுன் கவுன்சிலிடம் பணம் இல்லையாம். அதே மாதம் இன்னொரு செய்தி வந்தது. ஊர் எல்லையில், மெயின் ரோடு உள்ளே திரும்பும் இடத்தில், கற்பலகைகளை அடுக்கிப் பிரம்மாண்டமான டிராகன் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். டிராகன் இவர்கள் கொடியில் உள்ள மிருகம். அதைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் வண்டியைத் திருப்பி உள்ளே வருவார்களாம். தொகையைச் சொன்னால் நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போவீர்கள், அதனால் சொல்லவில்லை. அதைச் செய்யும் கம்பெனி யாருடையது என்று ரொட்டிக் கடையில் எல்லாருக்கும் தெரியும். கவுன்சிலர் பிரிச்சர்டின் மைத்துனருடையது. சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது. கூட்டத்தில் அந்த விஷயம் வந்தபோது பிரிச்சர்ட் எழுந்து வெளியே போய், ஓட்டெடுப்பு முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தாராம்.

அந்தப் பிரிச்சர்ட்தான் நான் வேலை பார்க்கும் இல்லத்தின் முதலாளி.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கூடை நிறையப் பழமும் பிஸ்கட்டும் அனுப்புவார். என் பெயரை மலர்க்கொடி என்று முழுதாகச் சொல்ல முயன்று தோற்றுப்போன ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். மற்றவர்கள் முயன்றதே இல்லை. ஆனால் என் வேலை அனுமதி அவர் பெயரில் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் நாங்கள் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். நான்கு வருடம் முடிந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம் என்று இருந்த சட்டத்தை, எங்களுக்கு முடியப்போகிற சமயத்தில் ஐந்து வருடம் என்று மாற்றினார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு என் கணவர் டிவியை அணைத்தார். பிறகு, "இன்னும் ஒரு வருஷம் வாயைத் தொறக்காம இருந்துரு மலரு" என்றார். கோழித் தொழிற்சாலையில் அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

4

எல்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு மேலே, மலைப்பாதையில் தனியாக இருப்பவர். எண்பது வயது இருக்கும். பணியில் இருந்த காலமெல்லாம் அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளை எங்கோ ஆஸ்திரேலியாவில். தினமும் பத்து மணி பஸ்ஸில் கீழே வருவார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வளைவுகளில் ஓட்டுவது எப்படி என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். வந்த புதிதில் என்னோடு முதலில் பேசியவர் அவர்தான். "உங்கள் ஊரில் ரயில் உண்டா?" என்று கேட்டார். பெரம்பலூரில் ரயில் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான் என்றேன். "அப்படியானால் நல்ல ஊர்" என்றார்.

கழிப்பறை மூடிச் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். டியூட்டி முடிந்து சதுக்கம் வழியாக வந்துகொண்டிருந்தேன். மழை. எல்வின் பெஞ்சில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். மலைக்குப் போகும் பஸ் எதிரிலேயே நின்றது. டிரைவர் கையசைத்தார். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பஸ் போய்விட்டது.

"ஏன் ஏறவில்லை?" என்றேன்.

"நீ போ, பெண்ணே."

"நனைகிறீர்களே."

"நனையத்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் நர்ஸ். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. மழையில் முழுக்க நனைந்துவிட்டால் கால்சட்டை ஈரமானது எதனால் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகக் கிழவர் குளிரில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகிவிட்டிருந்தது.

என் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். வீட்டுக்குக் கூட்டி வந்து வெந்நீர் போட்டு, என் கணவரின் பேண்ட் ஒன்றைக் கொடுத்தேன். அது அவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. ரசம் இருந்தது, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இருமிக்கொண்டே குடித்தார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த டவுனுக்கு முப்பது வருடம் ஜனங்களைக் கூட்டி வந்து இறக்கினேன்" என்றார்.

மறுநாளிலிருந்து பத்து மணி பஸ்ஸில் அவர் வரவில்லை. ரொட்டிக் கடை நெரிஸ் அவருக்கு யார் மூலமாகவோ ரொட்டி கொடுத்தனுப்பினாள். அவரை மாதிரி இன்னும் சிலரும் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். அந்தக் கோடையில் எங்கள் இல்லத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பஸ்ஸில் நான் பார்த்தவர்கள். வெளியே போவதை நிறுத்தினால் உடம்பு எவ்வளவு சீக்கிரம் விழும் என்று எனக்குத் தெரியும்.

5

இந்த இடத்தில் என் அக்காவைச் சொல்லாமல் முடியாது. தனம் அக்கா எங்கள் ஊரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் உள்ளே திரும்பினால் வரும் ஊர். அவள் இன்னும் அங்கே குடியிருப்பதால் அதன் பெயரும் வேண்டாம். தொண்ணூற்றாறு பஞ்சாயத்துத் தேர்தலில் அவள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மாமாதான் அவளைத் தேர்தலில் நிற்க வைத்தார். நோட்டீசில் மாமாவின் படம் பெரிதாகவும் அக்காவின் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. ஜெயித்தாள்.

கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் கூட்டிப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவளும் அப்படித்தான் போனாள். ஒரு கூட்டத்தில், அவள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட வைத்திருந்த பணத்தில் ஊர் முகப்பில் சிமெண்ட் வளைவு கட்டத் தீர்மானம் வந்தது. வளைவில் தலைவருடைய அப்பாவின் பெயர். அக்கா எழுந்து, "வளைவுல தண்ணி வருமாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைப் பற்றி ஊரே பேசியது. நான் அப்போது பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. வளைவு கட்டி முடிந்தது. பிறகு குழாயும் வந்தது. அக்கா தெருவுக்கு முந்தைய தெருவோடு நின்றது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. அடுத்த தேர்தலில் அவள் நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

6

இலையுதிர் காலத்தில் டவுன் கவுன்சில் ஒரு பொதுக்கூட்டம் அறிவித்தது. டிராகனைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் மக்கள் பேசலாம். நெரிஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "நீ வந்து சொல்ல வேண்டும். பார்த்தவள் நீதான்" என்றாள். அவளுக்கு என் வேலை அனுமதியைப் பற்றித் தெரியாது. அதை விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அட்டை வாங்கி அக்காவுக்குப் போன் போட்டேன். மக்காச்சோளம் உரிக்கிற இடத்திலிருந்து எடுத்தாள்; பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். எல்லாம் கேட்டுவிட்டு, "கக்கூசுக்கா கூட்டம் போடுறாங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏ மலரு, நான் சொல்றத கேளு. பேசாத."

"நீ பேசுனியேக்கா."

"பேசுனேன். தலைவரு என்னைய ஒண்ணும் சொல்லல தெரியுமா? வூட்டுக்குப் பொங்கலுக்குச் சேல கூட குடுத்து வுட்டாரு. எந்தெருப் பொம்பளைங்கதான் சொன்னாளுவ. ஒன் வாயாலதான் கொழா நம்ம தெருவுக்கு வரலன்னு. கொடத்த எடுத்துக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போவேன். எல்லாரும் புடிச்சு முடிக்கிற வரைக்கும் கடைசியா நிக்க வெப்பாளுவ. யாருக்காகக் கேட்டனோ அவளுவளே."

"இதெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொல்லி என்னா பண்ணப்போற. நீயே அங்க கெடந்து அல்லாடுற. புள்ளைய பாத்துக்க. அந்தக் கெழவருக்கு ஒரு பேண்ட் குடுத்தல்ல, அது போதும்."

அட்டையில் பணம் தீர்ந்து போன் கட்டாகிவிட்டது.

7

பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவருக்கு அன்று சாயங்கால ஷிப்ட். அதனால் யாழினியையும் அழைத்துப் போனேன்.

கூட்டம் வெல்ஷில். தெரியாதவர்களுக்குக் காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்தார்கள். மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்து ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். யாழினி விளையாட்டுக்கு ஒன்றை வாங்கி ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். முன்னால் கவுன்சில் தலைவர் கழுத்தில் கனமான தங்கச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தார். பதவிக்கு உரிய சங்கிலி அது. பிரிச்சர்ட் அவருக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன்.

டிராகனைப் பற்றி ஒரு மணி நேரம் போயிற்று. அதன் வால் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். கழிப்பறை கடைசியில் வந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, யாரும் புகார் செய்யவில்லை என்றார் ஒரு அதிகாரி.

அப்போது கதவருகே நாற்காலி நகர்ந்தது. எல்வின் எழுந்து நின்றார். யாரோ காரில் அழைத்து வந்திருக்கிறார்கள். சூட் போட்டு டை கட்டியிருந்தார்.

காதில் அந்தப் பெண்மணியின் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போயிற்று. "நான்தான் புகார். அந்த மழை நாளில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நனைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏற வெட்கமாக இருந்தது. என் பஸ்ஸில். ஒரு பெண் தன் கோட்டைக் கழற்றிக் கட்டி என்னைக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டினாள்." மண்டபத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எண்பது வயது மனிதர் அத்தனை பேர் நடுவே அதைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காருவதற்கு நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று கையால் தடவினார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "வருந்துகிறோம். ஆனால் இது ஒரு தனிப்பட்ட சம்பவம். இதை வைத்து..."

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "தனிப்பட்ட சம்பவம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அந்தப் பெண் நான். நான் நர்ஸ். வெளியே வருவதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இப்போது நான் வேலை பார்க்கும் இல்லத்தில் இருக்கிறார்கள். நடந்து வந்து ரொட்டி வாங்கியவர்கள். இப்போது நான் ஊட்டிவிடுகிறேன்." இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். இலக்கணம் குழம்பிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். யாழினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரிச்சர்ட் தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு இதுதான். டிராகனுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டதால் நிறுத்த முடியாது. கழிப்பறையைச் சந்தை நாளான வியாழக்கிழமை மட்டும் திறக்கலாம். சாவி ரொட்டிக் கடையில் இருக்கும்.

திரும்பி நடக்கும்போது யாழினி, "அம்மா, அந்த லேடி தப்பா சொன்னாங்க" என்றாள்.

"எதடி?"

"தாத்தா 'ஒரு பெண்'ணு சொல்லல. 'நம்ம பொண்ணு'ன்னு சொன்னார்." அதை வெல்ஷிலும் ஒருமுறை சொல்லிக் காட்டினாள். நான் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

8

மறுநாள் பிரிச்சர்ட் இல்லத்துக்கு வந்தார். மருந்து அறை வாசலில் நின்று, "உங்கள் ஆங்கிலம் நன்றாகத் தேறியிருக்கிறது" என்றார். அவ்வளவுதான். அடுத்து வந்த டியூட்டி அட்டவணையில் எனக்கு எல்லா ஞாயிற்றுக்கிழமையும், கிறிஸ்துமஸும், புத்தாண்டும் விழுந்திருந்தன. தண்டனையா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் நிரந்தர அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும் என்று போனபோது மறுபேச்சில்லாமல் போட்டுக்கொடுத்தார். அதுவரை ஒவ்வொரு நாளும் இன்றைக்கு வேலை இருக்குமா என்று பயந்துகொண்டேதான் போனேன் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

டிராகன் வந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டிலேயே போய்விடுகிறார்கள். எல்வின் வியாழக்கிழமைகளில் வருகிறார். ரொட்டிக் கடையில் எத்தனை பேர் நின்றாலும், "சாவி!" என்று கடை அதிரக் கேட்டு வாங்குகிறார். அவர் அப்படிக் கேட்பதால் மற்றவர்களும் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாள் அவர்கள் வீட்டுக்குள்.

ஆக, நீங்கள் கேட்ட அந்த ஊழல் கேள்விக்கு என் பதில்: இங்கேயும் இருக்கிறது. கொஞ்சம் மரியாதையாக, ஓட்டெடுப்பின்போது எழுந்து வெளியே போய்விட்டு வருகிறது.

கூட்டம் நடந்த அந்த வாரமே அக்காவுக்குப் போன் செய்தேன். பேசிவிட்டேன் என்றதும் பெருமூச்சு விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கக்கூஸ தொறந்தாங்களா?"

"வாரத்துக்கு ஒருநாக்கா."

"ஒருநாளா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "ம்... ஒருநாளாச்சும் தொறந்தாங்களே."

பின்னால் யாரையோ வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

"மலரு, கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்ப யாராச்சும் ஒங்கிட்ட வந்து பேசுனாங்களா?"

"ரொட்டிக் கடைக்காரம்மா வந்தாங்க. வூட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போன்னு கூப்பிட்டாங்க."

"போனியா?"

"போனேங்க்கா. யாழினியும் நானும்."

"நல்லது" என்றாள் அக்கா. "நான் அன்னைக்குத் தனியாத்தான் நடந்து வந்தேன்."